கைப்பேசியில் இடமில்லை!

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழிலக்கியம்)

‘இடமில்லை’ என்ற சொல்லைக் கேளாத நாள் நம் வாழ்வில் உண்டா? காலையில் பேருந்தில் இடமில்லை. கல்லூரிக்குள் நுழைந்தால் வண்டி நிறுத்த இடமில்லை. நண்பகலில் மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க இடமில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்ட நமக்கு, சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியும் ஒருநாள் ‘இடமில்லை’ என்று சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியமே இக்கட்டுரைக்குக் காரணம். தமிழ் படிப்பவன் கணினிப் பாடம் நடத்த வந்துவிட்டானே என்று கணினித்துறை நண்பர்கள் நகைக்க வேண்டா. பட்டவன் சொல்வதைக் கேட்பதால் நட்டம் ஒன்றுமில்லை.

நடந்தது இதுதான். திட்டக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் நடவுப் பாடல்கள். நடவு எந்திரம் வயலில் இறங்கிய பிறகு பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது என்பதை நம் பகுதியில் யாவரும் அறிவர். கல்லூரியிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் சென்றால் வரும் ஒரு சிற்றூரில், இளமையில் நடவு நட்ட மூதாட்டியர் மூவர் இருந்தனர். சென்ற புரட்டாசியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்று அவர்கள் பாடியதைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அது என் மாமா பயன்படுத்திவிட்டுக் கொடுத்த கைப்பேசி, 2017இல் வாங்கியது, 16 ஜி.பி. சேமிப்பகம் கொண்டது.

மூன்றாவது ஞாயிறு, மூவரில் மூத்தவரான ஆயா ஒரு நீண்ட பாட்டை எடுத்தார். பதினோராவது நிமிடத்தில் பதிவு தானாக நின்றுவிட்டது. ‘சேமிப்பிடம் போதவில்லை’ என்ற அறிவிப்பு திரையில் வந்து நின்றது. நான் கைப்பேசியைத் தட்டுவதைப் பார்த்து ஆயாவும் பாட்டை நிறுத்தினார்.

“என்னா தம்பி, நிறுத்திட்டே?”

“இடம் பத்தலை ஆயா.”

“எடமா? இவ்ளோண்டு பொட்டியிலே என்னத்தத்தான் ரொப்பி வச்சிருக்கே?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. பெரியவரைக் காக்க வைக்கிறோமே என்ற பதற்றம் மட்டுமே இருந்தது. அமைப்புகளுக்குள் சென்று செயலிகளின் பட்டியலைத் திறந்தேன். ஒலிப்பதிவுச் செயலி 1.9 ஜி.பி. என்று காட்டியது. பதிவுகள் வேறெங்கோ ஒரு கோப்பறையில் பத்திரமாக இருக்கும், செயலிக்குள் சேர்ந்திருப்பது குப்பையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டு, ‘தரவை அழி’ என்ற பொத்தானை அழுத்தினேன். ‘உறுதியா?’ என்ற பொருளில் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டது. படிக்காமலே ‘சரி’ என்றேன். இடம் கிடைத்தது. மூன்று வாரப் பதிவுகளும் போயின. முதல் வாரத்தில் பதிந்ததில் நாற்பது நிமிடம் மட்டும் பேராசிரியருக்காகப் பென் டிரைவில் நகலெடுத்திருந்ததால் பிழைத்தது.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. “குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் முதலடி மட்டுமே எழுதியிருந்தேன். ‘பதிவுதான் இருக்கிறதே!’ என்ற துணிவு.

பதினாறு எங்கே போயிற்று?

அன்று மாலை கணினி அறிவியல் துறையில் பயிலும் நண்பனின் விடுதி அறைக்குச் சென்றேன். கைப்பேசியை வாங்கிப் பார்த்தவன் முதலில் சொன்னது, “டேய், இனிமே எதையும் அழிக்காதே. மொதல்ல நிறுத்துப் பாரு” என்பதுதான். நிறுத்துப் பார்ப்பதென்றால் எடை பார்ப்பது. எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று தெரியாமல் அழிக்கப் புகுவது, களத்தில் பதர் எது நெல் எது என்று பாராமல் வாரிக் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

முதல் வியப்பு, 16 ஜி.பி. என்பது 16 ஆக நம் கைக்கு வருவதே இல்லை என்பது. உற்பத்தியாளர் கணக்கில் ஒரு ஜி.பி. என்பது நூறு கோடி பைட்டு. கணினிக் கணக்கில் பழைய வழக்கப்படி அது 1024ஐ மும்முறை பெருக்கி வருவது, அதாவது 107 கோடிக்கும் மேல். ஆகவே உற்பத்தியாளரின் 16, அக்கணக்கில் 14.9 ஆகச் சுருங்குகிறது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. மரக்கால் வேறு, அவ்வளவே. ஆனால் அடுத்த குறைவு மெய்யான குறைவு. கைப்பேசியை இயக்கும் ஆண்ட்ராய்டு என்னும் இயங்குதளமும் அதனோடு பிரிக்க முடியாமல் வரும் செயலிகளும் என் கைப்பேசியில் ஏறத்தாழ 5 ஜி.பி. இடத்தை அடைத்திருந்தன. பத்திரத்தில் உள்ள பரப்பு வேறு, வரப்பும் வாய்க்காலும் போக உழக் கிடைக்கும் பரப்பு வேறு என்பது உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. எனக்கு உழக் கிடைத்தது ஏறத்தாழ 11.

அந்தப் பதினொன்றை நண்பன் ஒரு தாளில் எழுதினான். பதிவுகளை நான் அழிப்பதற்குச் சற்று முன்னிருந்த நிலை இது: செயலிகள் 4.1, படங்களும் காணொளிகளும் 3.3, என் ஒலிப்பதிவுகள் 1.9, அரட்டைச் செயலியின் உரையாடல் கோப்புகள், குறும்படங்கள் முதலிய பலசரக்கு 1.3, எஞ்சிய வெற்றிடம் 0.3.

இனி அந்த 3.3ஐப் பிரித்துப் பார்ப்போம். நான் என் கையால் எடுத்தவை 0.9 மட்டுமே. அதிலும் கல்லூரி விளையாட்டு விழாவில் எடுத்த ஐந்து நிமிடக் காணொளி ஒன்றே 0.6. முழு உயர்தெளிவில் எடுக்கும் காணொளி நிமிடத்துக்கு 100 முதல் 130 எம்.பி. வரை விழுங்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மீதி 2.4 ஜி.பி.? வாட்ஸப் வழியே பிறர் அனுப்பித் தாமாக வந்து இறங்கியவை! ரோசாப் பூவும் தேநீர்க் கோப்பையும் போட்ட காலை வணக்கங்கள், பிள்ளையார் படங்கள், பொங்கல் வாழ்த்துகள் என மூவாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றும் 150 கே.பி. அளவுதான், ஆயினும் மூவாயிரமும் சேர்ந்தால் 450 எம்.பி. இவற்றோடு யானைக்குட்டி சறுக்கி விழும் காணொளி முதலாக ஏறத்தாழ 190 காணொளிகள், ஒன்றரை ஜி.பி. எஞ்சியது நான் பிறருக்கு அனுப்பியவற்றின் நகல்கள். ஆம், நாம் ஒரு படத்தை அனுப்பினால் அதற்கொரு நகலை அச்செயலி ‘சென்ட்’ என்னும் உள்ளறையில் வைத்துக்கொள்கிறது. மூலம் ஓரிடத்தில், நகல் ஓரிடத்தில்.

சுருங்கச் சொன்னால், ஒருவரும் கேளாத 2.4 ஜி.பி.யை விட்டுவிட்டு, மூன்று வாரம் அலைந்து சேர்த்த 1.9 ஜி.பி.யை அழித்திருக்கிறேன். ஆயாவின் கேள்விக்கு விடை இதுதான்.

இது என் ஒருவனுடைய நிலை மட்டுமன்று. அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேடு 2018 சனவரியில் இதுபற்றி ஒரு செய்தி வெளியிட்டது. இந்தியர்களின் கைப்பேசிகள் ஏன் இவ்வளவு விரைவில் நிரம்பித் திணறுகின்றன என்று கூகுள் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, காலை வணக்கப் படங்களே பெருங்காரணமாக அகப்பட்டனவாம். அதற்கு முந்திய மாதம் அந்நிறுவனம் வெளியிட்டிருந்த கோப்புச் செயலியில் இத்தகைய படங்களை இனங்கண்டு அழிக்கும் ஏற்பாடும் இருந்தது. வணக்கம் சொல்வது நம் பண்பாடு. அதை ஒவ்வொரு நாளும் படமாக அனுப்பித்தான் ஆக வேண்டுமா என்று என் பெரியம்மாவைக் கேட்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

நிரம்பினால் ஏன் மெதுவாகிறது?

நிரம்பிய கைப்பேசி பதிய மறுப்பதோடு நிற்பதில்லை, எல்லாவற்றிலும் தள்ளாடுகிறது. இதன் காரணத்தை அறியக் கைப்பேசியின் நினைவகம் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய வேண்டும்.

அதன் பெயர் பிளாஷ் நினைவகம். ஜப்பான் நாட்டுத் தோசிபா நிறுவனத்தில் பணியாற்றிய பூசியோ மசுவோக்கா என்பவர் இதைக் கண்டறிந்து 1984இல் உலகறிய அறிவித்தார். இன்று கைப்பேசிகளில் உள்ள ‘நேண்ட்’ வகையை அவர் குழுவினர் 1987இல் அறிவித்தனர். ஒளிப்படக் கருவியின் மின்னொளிபோல் ஒரே வீச்சில் அழிவதால், உடன் பணியாற்றிய அரிசுமி என்பவர் இப்பெயரைச் சூட்டினார் என்பர். மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுதியது அழியாதிருப்பது இதன் சிறப்பு. மின்னூட்டம் வெளியேற முடியாதபடி காப்புறைக்குள் சிறைப்பட்டிருப்பதே அதன் சூட்சுமம்.

சிறப்புக்கு ஈடாக ஒரு குறையும் உண்டு. இதில் எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த தொகுதி தொகுதியாகத்தான் நடக்கும். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அழித்து அதன்மேல் மீண்டும் எழுத இயலாது. நம் வகுப்புக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை மட்டும் துடைக்கும் துடைப்பான் இல்லை. துடைத்தால் பலகை முழுதும் போய்விடும் என்று வையுங்கள். பலகையில் நான்கு வரி தேவை, இருபது வரி தேவையில்லை என்றால் என்ன செய்வோம்? தேவையான நான்கை வேறொரு வெற்றுப் பலகையில் எழுதிவிட்டு, இதைத் துடைப்போம். கைப்பேசியும் ஓய்வு நேரத்தில் இதையே செய்கிறது. வெற்றுப் பலகைகள் பல இருக்கும்வரை வேலை விரைவாக நடக்கும். எல்லாப் பலகையும் நிறைந்துவிட்டால், ஒரு வரி எழுதுவதற்கே நான்கு பலகைகளைப் புரட்ட வேண்டியதாகிறது. அந்தப் புரட்டலைத்தான் ‘போன் ஹேங் ஆகிறது’ என்கிறோம். ஆகவே மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டு வைப்பது நல்லது.

அழித்த பதிவுகளை மீட்க முடியுமா என்று நண்பனை நச்சரித்தேன். பழைய வன்தட்டுக் கணினிகளில் கோப்பை அழித்தால் பெயர்தான் பட்டியலிலிருந்து நீங்கும். பொருள் அங்கேயே கிடக்கும். மீட்கும் மென்பொருள்கள் அதனால்தான் பிழைத்தன. ஆண்ட்ராய்டிலோ, 2013இல் வந்த 4.3 பதிப்பு முதல், இன்னின்ன பகுதி இனித் தேவையில்லை என்று நினைவகத்துக்கு அவ்வப்போது தெரிவிக்கும் வழக்கம் உண்டு. தெரிவித்த பின் அது துடைத்துத் தயாராகிவிடும். விரைவுக்காகச் செய்த அந்த நன்மையே எனக்கு வினையாயிற்று. நண்பன் இரண்டு மணி நேரம் முயன்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

அழித்தலில் பல வகை

நான் கற்ற பாடத்தின் மையம் இந்தப் பகுதிதான். அழித்தல் என்பது ஒரு சொல்லாயினும் ஒரு செயல் அன்று.

செயலி ஒன்றின் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பொத்தான்கள் அருகருகே நிற்கும். ஒன்று ‘தற்காலிகச் சேமிப்பை அழி’. இதைத்தான் கேச் என்பர். ஒருமுறை பார்த்த படத்தையும் பக்கத்தையும் மறுமுறை இணையத்திலிருந்து இறக்காமல் காட்டுவதற்காகச் செயலி ஒதுக்கி வைத்திருப்பது அது. அதை அழித்தால் இழப்பு ஏதுமில்லை. தேவைப்பட்டால் மீண்டும் சேர்ந்துவிடும். மீண்டும் சேர்ந்துவிடும் என்பதாலேயே அதை நாள்தோறும் துடைப்பதும் வீண் வேலை. இடம் நெருக்கும்போது ஆண்ட்ராய்டே இதைத் துடைத்துக்கொள்ளும்.

மற்றொன்று ‘தரவை அழி’. சில கைப்பேசிகளில் ‘சேமிப்பகத்தை அழி’ என்றிருக்கும். இது வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்துப் புதுக் குடித்தனக்காரருக்குக் கொடுப்பது போன்றது. கணக்கு, கடவுச்சொல், அமைப்பு, செயலி தன் சொந்த அறையில் வைத்திருந்த கோப்புகள் அனைத்தும் போகும். ஒவ்வொரு செயலிக்கும் அவ்வாறு ஒரு சொந்த அறை உண்டு. சில செயலிகள் நம் கோப்புகளைப் பொது அறையில் வைக்கும்; சில தம் சொந்த அறையில் வைக்கும். என் ஒலிப்பதிவுச் செயலி இரண்டாம் வகை. செயலியை நீக்கினாலும் இதே கதிதான். ஆகையால் எந்தச் செயலியின் தரவையும் தொடுமுன், அதில் உருவாக்கிய ஒரு கோப்பைக் கோப்பு மேலாளரில் தேடி, அது எந்த அறையில் குடியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

மூன்றாவதாகக் குப்பைத்தொட்டி. இப்போதுள்ள படத்தொகுப்புச் செயலிகள் பலவற்றில் அழித்த படம் உடனே போவதில்லை. முப்பது நாள் தொட்டியில் கிடக்கும். ‘அழித்தேன், ஆனாலும் இடம் கூடவில்லையே’ என்று குழம்புவோர் அந்தத் தொட்டியைக் காலி செய்யாதவரே. தவறி அழித்தவருக்கு அதுவே அடைக்கலம். என் செயலியில் அந்தத் தொட்டி இல்லாமற் போயிற்று.

நான்காவது, மேகச் சேமிப்பில் வரும் பொறி. கூகுள் போட்டோஸ் பயன்படுத்துவோர் இதைக் கருத்தில் கொள்க. படங்கள் அங்கே காப்பாக ஏறிய பிறகு, கைப்பேசியில் உள்ள நகலை மட்டும் நீக்க ‘இடத்தைக் காலியாக்கு’ என்று தனியே ஒரு கட்டளை இருக்கிறது. அதை விட்டுவிட்டு, அச்செயலிக்குள்ளே படத்தைத் தேர்ந்து சாதாரணமாக அழித்தால், கைப்பேசியில் உள்ளதும் போகும், மேலே உள்ளதும் போகும். ‘மேலேதான் இருக்கிறதே’ என்று கீழே அழித்து இரண்டையும் இழந்தவர்கள் பலர். காப்பான படமாயின் அறுபது நாள் குப்பைத்தொட்டியில் தங்கும் என்பது ஆறுதல். அந்த மேகமும் வரம்பற்றதன்று. 2021 சூன் முதல் நாள் தொடங்கி, அஞ்சல், கோப்பு, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. மட்டுமே இலவசம்.

நான் செய்தவை

எடை பார்த்த பிறகு வேலை எளிதாயிற்று. வாட்ஸப்பின் அமைப்புகளில் ‘சேமிப்பகமும் தரவும்’ என்ற பகுதிக்குள், சேமிப்பகத்தை நிர்வகிக்க ஒரு பக்கம் உண்டு. 5 எம்.பி.க்கு மேற்பட்டவற்றையும், பலமுறை பகிரப்பட்டு வந்தவற்றையும் அது தனித்தனியே அடுக்கிக் காட்டும். எந்தக் குழு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் இறங்கு வரிசையில் காட்டும். என் பட்டியலில் முதலிடம் பெற்றது உறவினர் குழு. இரண்டாமிடம் எங்கள் பள்ளித் தோழர் குழு. இரண்டிலும் வகுப்புக் குறிப்பு, சான்றிதழ்ப் படம் என வேண்டியவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை நீக்கினேன். மாலை முழுதும் பிடித்தது. பொறுக்காமல் அழித்திருந்தால் ஐந்து நிமிடந்தான்; ஆனால் தங்கையின் சாதிச் சான்றிதழும் யானைக்குட்டியோடு போயிருக்கும். பின்னர்த் தானாக இறக்கும் ஏற்பாட்டைப் படம், ஒலி, காணொளி மூன்றுக்கும் நிறுத்திவிட்டேன். இப்போது படம் மங்கலாக வந்து நிற்கிறது. வேண்டுமென்றால் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒன்றைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்வது, மதகை மூடாமல் வயலில் நீரை இறைப்பதற்குச் சமம்.

குரற்செய்திகளின் மீது கை வைக்கவே தேவையில்லை. ஒரு நிமிடப் பேச்சு சில நூறு கே.பி.க்குள் அடங்கிவிடும். அப்பாவின் குரல் நிறைந்த ஓராண்டுச் செய்திகள் ஒரு யானைக்குட்டிக் காணொளி அளவுகூட இடம் பிடிப்பதில்லை என்று கண்டபோது, எவ்வளவு குருட்டுத்தனமாக நாம் துப்புரவு செய்கிறோம் என்று எண்ணினேன்.

செயலிகள் நாற்பத்தாறு இருந்தன. கடந்த ஒரு திங்களில் நான் திறந்தவை பதினான்கு. அரசுப் பணித் தேர்வுக்கென ஒரே பாடத்திட்டத்துக்கு மூன்று செயலிகள்; அத்தை மகன் வந்த நாளில் ஏற்றிய விளையாட்டு ஒன்று. நீக்கியதில் ஒன்றரை ஜி.பி. மீண்டது. கைப்பேசியோடு வந்து, நீக்க முடியாமல் நிற்கும் செயலிகளுக்கும் ஒரு வழி உண்டு. அவற்றின் பிறவிப் பதிப்பு, நாம் எழுத முடியாத இயங்குதளப் பகுதியில் இருக்கிறது. புதுப்பிப்பு வரும்போது புதிய பதிப்பு நம் பகுதியில் வந்து அமர்கிறது; ஆக ஒரே செயலி இரண்டிடத்தில் இருக்கிறது. ‘புதுப்பிப்புகளை நீக்கு’ என்று சொல்லி, அதன்பின் ‘முடக்கு’ என்றால் நம் பகுதியில் உள்ளது போய்விடும். தொடாமலே கிடந்த ஐந்து செயலிகளில் இவ்வாறு அரை ஜி.பி. கிடைத்தது.

‘ஒரே தொடுதலில் துப்புரவு’ என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நண்பன் தொடவே விடவில்லை. அவை பெரும்பாலும் செய்வது அந்தத் தற்காலிகச் சேமிப்பைத் துடைப்பதுதான். அதற்காகத் தாமே இடத்தை அடைத்துக்கொண்டு விளம்பரமும் காட்டுகின்றன. குறும்படங்கள் சேர்ந்திருக்கும் மறைவு அறையை அழிப்பதும் அத்தகைய வேலையே. படத்தொகுப்பைத் திறந்தவுடன் அவை மீண்டும் முளைக்கும்.

நினைவட்டை வாங்கலாமே என்பர். வாங்கலாம், படமும் ஒலியும் வைக்க அது ஏற்றது. ஆனால் செயலிகள் பலவும் உள்நினைவகத்தையே நாடும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அட்டையை உள்நினைவகத்தின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு. அப்படிச் சேர்த்த அட்டை அந்தக் கைப்பேசிக்கே உரியதாகிவிடும். கழற்றி வேறொன்றில் போட்டால் படிக்க இயலாது. கைப்பேசி பழுதானால் அட்டையில் உள்ளதும் அதோடு போகும். சந்தையில் 128 என்று அச்சிட்டு உள்ளே அதில் ஒரு சிறு பங்கே இருக்கும் போலி அட்டைகளும் உலவுகின்றன. அவை நிரம்பியதை ஒப்புக்கொள்ளாமல் எழுதுவதுபோல் நடித்து, பழையதைக் கெடுத்துவிடும். வாங்கிய அன்றே முழுக் கொள்ளளவுக்கு எழுதிச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

இனி, களப்பணி செய்யும் நண்பர்களுக்காகப் பதிவுக் கணக்கு ஒன்று. ‘வேவ்’ என்னும் சுருக்கப்படாத வடிவில் பதிவு செய்யுமாறு பேராசிரியர் சொல்லியிருந்தார். ஒலியின் நுட்பம் குறையாதிருக்க அதுவே சரி. அதில் நொடிக்கு 44,100 மாதிரிகள். மாதிரி ஒன்றுக்கு 2 பைட்டு. இடம் வலம் என இரு தடம். பெருக்கினால் நொடிக்கு 1,76,400 பைட்டு; மணிக்கு ஏறத்தாழ 635 எம்.பி. என் மூன்று மணி நேரம் 1.9 ஜி.பி. ஆனது இப்படித்தான். ஆனால் எதிரே அமர்ந்து பாடும் ஒருவருக்கு இரு தடம் எதற்கு? ஒற்றைத் தடம் என்று மாற்றினால் நுட்பம் குறையாமல் இடம் பாதியாகிவிடும். விரிவுரையைப் பதிவதற்கோ வேவ் தேவையே இல்லை. 128 கிலோபிட் அளவில் சுருக்கிய வடிவில் ஒரு மணி நேரம் 58 எம்.பி.க்குள் முடிந்துவிடும். களத்துக்குப் புறப்படுமுன் எத்தனை மணி நேரத்துக்கு இடம் இருக்கிறது என்று வகுத்துப் பார்ப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது. கட்டுச்சோறு, குடிநீர், குறிப்பேடு என்ற வரிசையில் அதுவும் ஒன்று.

விளையாட்டு விழாக் காணொளியை, அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினிக்கு மாற்றினேன். பிறகு நிறுத்துப் பார்த்தால் ஏழு ஜி.பி. காலி! அதில் 1.9 நான் இழந்த பதிவுகளின் இடம்.

ஐப்பசியில் மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். மூவரில் ஒருவர் திருப்பூரில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அவர் பாடியவற்றில் என்னிடம் இருப்பன குறிப்பேட்டில் உள்ள நான்கு முதலடிகள் மட்டுமே. மற்றொருவர் பாடியது பென் டிரைவில் தப்பிய நாற்பது நிமிடத்தில் இருந்தது. மூத்த ஆயா திண்ணையில் இருந்தார். நடந்ததைச் சொல்லி, அன்று பாதியில் நின்ற அதே பாட்டை மீண்டும் பாட வேண்டும் என்று கேட்டேன்.

“அன்னிக்கிப் பாடுனது அன்னியோட போச்சு தம்பி. இன்னிக்கி என்னா வருதோ அதத்தான் பாடுவேன்” என்றார். பின்னர் என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்து, “எடம் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு ஆயா. இருபது மணி நேரத்துக்கு இருக்கு.”

“அவ்ளோ நேரம் ஆரு பாடுறது?” என்று சிரித்துவிட்டுத் தொடங்கினார். முதலடி குறிப்பேட்டில் இருந்ததுதான். இரண்டாம் அடியிலிருந்து வேறு பாட்டு. நாற்பத்தெட்டு நிமிடம் பாடினார். நான் கைப்பேசியை ஓட விட்டுவிட்டு, இம்முறை எழுதவும் செய்தேன். அன்றிரவே அப்பதிவு கைப்பேசியிலும், அக்காவின் மடிக்கணினியிலும், துறைக்குக் கொடுத்த பென் டிரைவிலும் இருந்தது.